காராமணி முளையை மேலேயிருந்து இறக்க என்ன செலவாகும்? சின்ன மாதிரிகளுக்கு மலிவான மீள்நுழைவு (உரையாடல்; எழுதுபவர்கள் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

சத்தியவேடு, 11 ஏப்ரல் 2025

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நாலாம் கட்டத்தையே சோதனை மேடையாக்கிய இஸ்ரோவின் போயம்-4-இல் ஜனவரியில் காராமணி முளைவிட்டதை எல்லாரும் பார்த்தோம். ஏப்ரல் 4 காலையில் அந்த மேடை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே வளிமண்டலத்தில் நுழைந்து முடிந்துபோனது. முளையும் அதோடு போனது. மொத்தம் எட்டு விதை. மண், பெட்டி எல்லாம் விட்டுவிட்டுச் செடியை மட்டும் எடுத்தால் நூறு கிராம்கூட வராது. அதைக் கீழே இறக்க, 2007-ல் இஸ்ரோ விண்வெளியிலிருந்து மீட்ட எஸ்.ஆர்.இ. போல 550 கிலோ கலம் வேண்டுமா? பத்துக் கிலோவுக்குள் ஒரு கேப்சூல் போதாதா? வெப்பக் கவசம்தான் செலவை ஏற்றுகிறது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது சரிதானா?

தடா, 11 ஏப்ரல் 2025, இரவு

பத்துக் கிலோ போதும். கவசம் செலவுப் பட்டியலில் மூன்றாவதோ நாலாவதோதான் வரும். பணத்தை விழுங்குவது, எங்கே விழும் என்று தெரியாத பரப்பு. ஐம்பது கிலோமீட்டருக்குள் விழும் என்று சொல்ல முடிந்தால் ஒரு படகு போதும். ஆயிரம் கிலோமீட்டர் நீளம் என்றால் கப்பல், விமானம், கடல் எச்சரிக்கை, அனுமதிக்கான ஆபத்துக் கணக்கு எல்லாம் சேர்ந்து விதையின் விலையை மறக்கடிக்கும்.

எஸ்.ஆர்.இ-1 கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம், நம் கடலில் நடந்தது அதுதான். 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி. சி-7 ஏற்றிப்போனது. 637 கி.மீ. வட்டப்பாதை. இறங்குவதற்கு முன் 485-க்கு 639 கி.மீ. நீள்வட்டத்துக்கு மாற்றினார்கள். ஜனவரி 22 காலை 8:42-க்கு வேகக் குறைப்பு தொடங்கியது. 9:17-க்கு 100 கி.மீ. உயரத்தில், வினாடிக்கு 8 கி.மீ. வேகத்தில் நுழைந்தது. 5 கி.மீ. உயரம் வரும்போது வேகம் வினாடிக்கு 101 மீட்டர். 2 கி.மீ. உயரத்தில் பெரிய பாராசூட் விரிந்தது. 9:46-க்கு வினாடிக்கு 12 மீட்டரில் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கி.மீ. தள்ளி நீரில் விழுந்தது. கடலோரக் காவல்படைக் கப்பல்களும் கடற்படை ஹெலிகாப்டர்களும் காத்திருந்தன. மூக்கில் கார்பன் பினாலிக், கூம்பில் சிலிக்கா ஓடுகள்.

இதில் பத்துக் கிலோ கேப்சூலுக்கு எது அப்படியே பொருந்தும், எது வேண்டாம் என்று பிரித்தால் உங்கள் கேள்விக்கு விடை வந்துவிடும். நாளை எழுதுகிறேன்.

தடா, 12 ஏப்ரல் 2025

முதலில் இறக்குவதற்கான தள்ளல். போயம்-4 இருந்தது 350 கி.மீ. வட்டப்பாதை. அங்கிருந்து பாதையின் தாழ்புள்ளியைக் கடல்மட்டம் முதல் 50 கி.மீ. உயரம் வரைக்குள் இறக்க வினாடிக்கு 90 முதல் 100 மீட்டர் வேகத்தைக் குறைத்தால் போதும். மொத்த வேகம் வினாடிக்கு 7,700 மீட்டர். அதில் எண்பதில் ஒரு பங்கு.

கேப்சூல், மோட்டார் கூடு, சுழற்றி எல்லாம் சேர்த்து 15 கிலோ என்று வைப்போம். குளிர் வாயு உந்தி (எரிபொருள் திறனைக் காட்டும் ஐ.எஸ்.பி. 65 வினாடி) என்றால் வாயு மட்டும் 2.5 கிலோ, அதற்கான உயரழுத்த உருளை தனி. ஒற்றை எரிபொருள் திரவ உந்தி (215 வினாடி) என்றால் 750 கிராம் அளவில். திட மோட்டார் (270 வினாடி) என்றால் 600 கிராம். எடையில் திட மோட்டார் ஜெயிக்கிறது. விலையிலும் அதுதான். வால்வு கிடையாது, கசிவு கிடையாது, மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்.

அதன் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. பற்றவைத்தால் நடுவில் நிறுத்த முடியாது. எரியும்போது மருந்தின் வெப்பநிலை மாறினால் மொத்த உந்தும் சற்று மாறும். ஒரு சதவீதம் மாறினால் வினாடிக்கு ஒரு மீட்டர் பிழை. 350 கி.மீ. பாதையில் வினாடிக்கு ஒரு மீட்டர் பிழை என்றால் 120 கி.மீ. உயரத்தில் நுழையும் புள்ளி சுமார் 100 கி.மீ. முன்னேயோ பின்னேயோ நகரும்.

திசைப் பிழை அவ்வளவு பயமில்லை. மூன்று பாகை சாய்ந்தாலும் பின்னோக்கிய தள்ளலில் குறைவது, அதாவது கொசைன் இழப்பு, 0.14 சதவீதம்தான்.

பாறசாலை, 12 ஏப்ரல் 2025

தடா அண்ணே, திசை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கொசைன் இழப்பு சின்னதுதான். ஆனால் மூன்று பாகை மேலோ கீழோ சாய்ந்தால் சைன் பங்கு வினாடிக்கு 5 மீட்டர், அது செங்குத்துத் திசையில் போகிறது. நுழைவுக் கோணம் ஒன்றரைப் பாகைக்கும் குறைவு. அப்படி ஒரு சறுக்கலான பாதையில் உயரம் ஒரு கிலோமீட்டர் மாறினால் நுழையும் இடம் நாற்பது கிலோமீட்டர் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், செங்குத்தாக வினாடிக்கு ஒரு மீட்டர் பிழைக்கு 35 கி.மீ. அளவில் வரும். மூன்று பாகைக்கு 150 கி.மீ.க்கு மேல்.

பக்கவாட்டில் சாய்ந்தால் மட்டும்தான் நீங்கள் சொல்வது போல அலட்சியம் செய்யலாம்.

தடா, 13 ஏப்ரல் 2025

பாறசாலை சொல்வது சரி. அதிலிருந்தே வழியும் கிடைக்கிறது. மோட்டாரை நேர் பின்னோக்கி எரிக்காமல், தள்ளலைப் பின்னோக்கியும் கொஞ்சம் பூமியை நோக்கியும் சாய்த்தால், ஒரு குறிப்பிட்ட சாய்வில் தூரத்தின் மீது சாய்வுப் பிழையின் பாதிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். பின்னோக்கிய பிழைக்கு 105 கி.மீ., செங்குத்துப் பிழைக்கு 35 கி.மீ. என்றால், இரண்டின் விகிதத்துக்கான கோணம் 18 பாகை. அந்தச் சாய்வில் மூன்று பாகை ஆடினாலும் 10 முதல் 15 கி.மீ.தான் நகரும். அமெரிக்காவின் மெர்க்குரிக் கலங்கள் வேகம் குறைக்கும் ரெட்ரோ ராக்கெட்டை 34 பாகை சாய்வில் எரித்தன. எண் பாதைக்குப் பாதை மாறும், நேர் பின்னோக்கி எரிப்பது கட்டாயமில்லை என்பதை மனதில் வைக்கவேண்டும். எரிபொருள் கூடுதலாக எதுவும் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. மென்பொருளில் ஒரே ஒரு எண் மாறுகிறது, தேடும் பரப்பு பத்தில் ஒன்றாகிறது.

சத்தியவேடு, 13 ஏப்ரல் 2025

போயம் மேடையின் எஞ்சினையே இறக்கத்துக்குப் பயன்படுத்தலாமே? எப்படியும் அது விழப்போகிற பொருள்.

தடா, 13 ஏப்ரல் 2025, இரவு

நல்ல திசை. உலகில் மலிவாக நடந்த மாதிரி மீட்புகள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தன.

ரஷ்யர்களின் ராதுகா கேப்சூல் 1990-லிருந்து 1994 வரை மிர் விண்வெளி நிலையத்திலிருந்து பத்துத் தடவை இறக்கப்பட்டது. 350 கிலோ, அதில் 150 கிலோ சரக்கு. எரிந்துபோவதற்காகவே கிளம்பும் புரோகிரஸ் சரக்குக் கலத்தின் கதவுப் பகுதியில் வீரர்கள் அதைப் பொருத்தினார்கள். இறக்கத் தள்ளல் புரோகிரஸ் கொடுத்தது. கேப்சூல் பிரிந்து தனியாக வந்தது. ஜப்பான் 2018 நவம்பர் 11 அன்று செய்ததும் அதே முறைதான். எச்.டி.வி.-7 சரக்குக் கலம் வேகம் குறைத்தபின் 84 செ.மீ. விட்டமும் 180 கிலோவும் உள்ள கேப்சூல் பிரிந்து மினாமிடோரிஷிமா அருகே விழுந்தது. உள்ளே புரதப் படிகங்கள். குளிர்சாதனம் இல்லை, மின்சாரம் இல்லை. டைகர் நிறுவனம் செய்த இரட்டைச் சுவர் வெற்றிடக் கலன் 4 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருந்தது. நம் மாதிரிப் பெட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது அந்த யோசனையைத்தான்.

ஆனால் பி.எஸ்.எல்.வி. நாலாம் கட்டத்தில் ஒரு சிக்கல். எம்.எம்.எச். எரிபொருளும் மான்-3 ஆக்சிகரணியும் தங்கியிருந்தால் பின்னாளில் வெடிக்கலாம் என்பதால், செயற்கைக்கோள்களை விட்டுப் பாதையை இறக்கியதும் மீதியை வெளியேற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு போயம் ஹீலியம் வாயு உந்திகளால் திசையை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும். விதை முளைத்து முடியும்போது எஞ்சின் செத்திருக்கும். எரிபொருளை வாரக்கணக்கில் வைத்திருந்து திரும்ப எரிக்கலாம் என்று வாதாடலாம், ஆனால் அந்த ஆபத்துக்கான சோதனைச் செலவு நம் 600 கிராம் திட மோட்டாரைவிடப் பல மடங்கு.

எனவே என் தேர்வு: போயத்தைத் திசை காட்டும் மேடையாக மட்டும் வைத்துக்கொள்வது. அது சரியான சாய்வுக்குத் திரும்பி நிற்கட்டும். கேப்சூலை நிமிடத்துக்கு 60 சுற்று சுழற்றி வில்லால் வெளியே தள்ளட்டும். பாதுகாப்பான தூரம் போனதும் கேப்சூலின் மோட்டார் எரியட்டும்.

பாறசாலை, 15 ஏப்ரல் 2025

சுழற்றுவதோடு கதை முடியவில்லை. புதிதாக வடிவமைப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது. சுழலும் பொருளின் அச்சு விண்வெளியில் ஒரே திசையில் நிற்கும். மோட்டார் எரிந்த இடத்திலிருந்து நுழையும் இடம் வரை கேப்சூல் பூமியைச் சுற்றி 110 பாகைக்கு மேல் போய்விடும். பாதை வளைந்துவிட்டது, அச்சு வளையவில்லை. வளிமண்டலத்தைத் தொடும்போது கேப்சூல் பக்கவாட்டில் நிற்கும். சுழற்சி பலமாக இருந்தால் காற்று அதைத் திருப்புவதற்குள் பின்பக்கம் வெந்துவிடும்.

மோட்டார் அணைந்ததும் சுழற்சியை நிமிடத்துக்கு 2 முதல் 5 சுற்றுக்குக் குறைக்க வேண்டும். இரண்டு கயிறு, இரண்டு சின்ன எடை, யோ-யோ முறை. மின்சாரமே வேண்டாம். கயிறு அவிழ்ந்து கழன்று போனால் வேலை முடிந்தது. ஒரு கயிறு மட்டும் கழன்றால் கேப்சூல் தள்ளாடும், ஆகவே இரண்டையும் ஒரே வெட்டி வெட்டவேண்டும். பிறகு மோட்டார் கூட்டை உதற வேண்டும். உதறாமல் வந்தால் எடைமையம் பின்னால் போய் எல்லாம் கெடும்.

வடிவம் 45 பாகைக் கூம்பு, உருண்ட மூக்கு, பின்பக்கம் கவிந்த உருண்டை மூடி. எப்படி நுழைந்தாலும் மூக்கு முன்னுக்குத் திரும்புகிற வடிவம்தான் வேண்டும், பின்புறமாக நிலைகொள்ளும் வடிவம் கூடவே கூடாது. எடைமையம் மூக்கிலிருந்து விட்டத்தின் 0.3 பங்குக்குள் இருக்கப் பாருங்கள். மூக்கில் டங்ஸ்டன் துண்டு வைக்க வேண்டிவரும். பத்துக் கிலோவில் ஒரு கிலோவை வெறும் எடைக்குக் கொடுப்பது வயிற்றெரிச்சல்தான், வேறு வழியில்லை.

தடா, 16 ஏப்ரல் 2025

எடைப் பங்கீட்டை வைக்கிறேன். கேப்சூல் மட்டும், 40 செ.மீ. விட்டம், 10 கிலோ. கட்டமைப்பு 2.5. கவசம் 2.2. மின்கலமும் மின்னணுவும் 1.5. மாதிரிப் பெட்டி 1.5. பாராசூட் 0.8. மிதவையும் பீக்கனும் (இடத்தைச் சொல்லும் ரேடியோ) 0.6. மூக்கு எடை 0.9.

கவசத்துக்கு கார்க்-பினாலிக் பலகை. செவ்வாய்க்குப் போன பீகிள்-2, ஸ்கியாபரெல்லி இரண்டிலும் கார்க் கவசம் இருந்தது. கத்தியால் வெட்டலாம், பசை போட்டு ஒட்டலாம், கடைசியாகக் கடைசலில் சீவிச் சரிசெய்யலாம். முன்பக்கம் 20 மி.மீ., பின்பக்கம் 5 மி.மீ. என்று தொடங்குங்கள். இது தொடக்க எண்தான். பிளாஸ்மா காற்றுச் சுரங்கத்தில் துண்டு வைத்து எரித்துப் பார்த்தபிறகே உறுதிசெய்ய வேண்டும். இந்த அளவுள்ள கேப்சூலின் மூக்கில் சதுர செ.மீ.க்கு 100 முதல் 150 வாட் வரும். வெப்பம் மூக்கு ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம், கூர்மையாக்கினால் தண்டனை.

கவசம் தோற்பது நடுப்பலகையில் கிடையாது, ஓட்டையில். பிரிக்கும் போல்ட் துளை, ஆண்டெனா வழி, மூடி விளிம்பு. முன்பக்கத்தில் ஒரு துளைகூட வைக்காதீர்கள், எல்லாப் பிடிப்பும் பின்பக்கத்தில் இருக்கட்டும். விளிம்பு இடைவெளியை ஆர்.டி.வி. சிலிகோன் பசையால் நிரப்புங்கள். இன்னொன்று, கார்க் ஈரத்தைக் குடிக்கும். புலிகாட் ஏரிக் காற்று ஆண்டு முழுக்க ஈரம். பலகையை வெற்றிட அடுப்பில் உலர்த்திய பிறகு ராக்கெட்டில் ஏறும்வரை உலர் நைட்ரஜன் பையிலேயே வையுங்கள். ஈரத்தோடு போனால் வெற்றிடத்தில் ஆவி வெளியேறி ஒட்டிய இடம் உப்பும்.

நுழைவின்போது வேகத் தளர்வு 8 முதல் 9 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 8-9 மடங்கு. விதைக்கு ஒன்றுமில்லை. முளைத்த தண்டு ஒடியும், மெத்தென்ற ஜெல்லுக்குள் பதித்து வைக்கவேண்டும்.

சத்தியவேடு, 16 ஏப்ரல் 2025

பாராசூட்டையே விட்டுவிட்டால்? 0.8 கிலோ மிச்சம், தோற்க ஒரு பொருள் குறைவு.

தடா, 17 ஏப்ரல் 2025

விடலாம், எதைக் கொண்டுவருகிறீர்கள் என்பதைப் பொறுத்து. இந்தக் கேப்சூல் பாராசூட் இல்லாமல் கடல்மட்டத்தில் வினாடிக்கு 35 முதல் 40 மீட்டரில் விழும். 10 செ.மீ. நசுங்கும் நுரை வைத்தால் 700 ஜி அளவில் அடி. உலர் விதை, உலோகக் கலவை, பீங்கான் தாங்கும். படிகமோ முளையோ தாங்காது. நாசாவின் செவ்வாய் மாதிரி மீட்புக்கான பூமி நுழைவுக் கலத்தைப் பாராசூட் இல்லாமல்தான் வடிவமைத்தார்கள். உள்ளே பாறைத் துகள், ஆகவே பொருந்தும்.

காராமணி முளைக்குப் பாராசூட் வேண்டும். வினாடிக்கு 6 மீட்டரில் இறங்க 2.7 மீட்டர் விட்டம் போதும்.

பாராசூட் தோற்பதற்கான பாடம் சூரியக்காற்று மாதிரி கொண்டுவந்த நாசாவின் ஜெனிசிஸ். 2004 செப்டம்பர் 8, யூட்டா பாலைவனம். வேகத் தளர்வை உணரும் சுவிட்சுகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. பாராசூட்டுக்குக் கட்டளையே போகவில்லை. மணிக்கு 311 கி.மீ. வேகத்தில் தரையில் அடித்தது. 2023 செப்டம்பர் 24 அன்று சிறுகோள் மாதிரி கொண்டுவந்த ஓசிரிஸ்-ரெக்ஸ் கேப்சூலிலும் கம்பி இணைப்புக் குழப்பத்தால் சின்னப் பாராசூட் வேண்டிய நேரத்தில் வரவில்லை. பெரிய பாராசூட் காப்பாற்றியது, 121.6 கிராம் மாதிரி பத்திரமாக வந்தது.

செய்யவேண்டியது: ஜி-சுவிட்ச், நேரக் கடிகை, காற்றழுத்த உணரி மூன்றில் எந்த இரண்டு ஒத்துக்கொண்டாலும் விரியவேண்டும். எல்லாம் பூட்டிய பிறகு முழு கேப்சூலையும் சுழல்மேசையில் வைத்துச் சுற்றி, கட்டளை போகிறதா என்று பார்க்கவேண்டும். சுவிட்சைத் தனியாகச் சோதித்தால் போதாது. தலைகீழ்ப் பொருத்தல் அந்தச் சோதனையில் தெரியாது. காற்றழுத்த உணரியை ஒலிவேகத்துக்குக் கீழே வந்தபின் மட்டும் நம்புங்கள். அதற்கு முன் கேப்சூலின் பின்னால் உள்ள அழுத்தம் வெளி அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

ஒலிவேகத்தைக் கடக்கும் நேரத்தில் இந்த மொண்ணை வடிவங்கள் ஆடத் தொடங்கும். பெரிய கலங்களில் சின்னப் பாராசூட்டை ஒலிவேகத்துக்கு மேலேயே விரிப்பது அதற்காகத்தான். நம் பட்ஜெட்டில் அது முடியாவிட்டால் மிச்சமிருக்கும் 2-5 சுற்றுச் சுழற்சி ஆட்டத்தைக் கொஞ்சம் சராசரியாக்கும். சுழற்சியோடு பாராசூட் விரித்தால் கயிறு முறுக்கும், ஆகவே நடுவில் சுழல்கொக்கி கட்டாயம்.

பழவேற்காடு, 19 ஏப்ரல் 2025

கடல் பக்கத்தை யாரும் சரியாகப் பேசவில்லை. அதைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலில் இருக்காது. நாட்டுப்படகு மட்டும்தான், அதுவும் கரைக்குப் பக்கம். 100 கி.மீ.க்கு வெளியே விழுகிற பொருளுக்கு ஆபத்துக் கணக்கு இந்தக் காலத்தில் ரொம்பக் குறையும். ராக்கெட் நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்லிச் சொல்லி இங்கே தொழில் நாள் ஏற்கெனவே குறைகிறது. கேப்சூலுக்கும் தனியாக ஒருநாள் மூடினால் வயிற்றில் அடிப்பதுதான். தடைக்காலத்தில் வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. சும்மா கட்டிக்கிடக்கும் படகை மீட்புக்கு வாடகைக்கும் எடுக்கலாம்.

வாடைக் காலம் (அக்டோபர் முதல் டிசம்பர்) வேண்டாம். புயலும் உண்டு, கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். பிப்ரவரிக்குப் பிறகு நீரோட்டம் வடக்கே திரும்பும். வினாடிக்கு அரை மீட்டர் ஓட்டம் என்றாலே ஒரு நாளில் 43 கி.மீ. போய்விடும். விழுந்த இடத்தில் தேடினால் கிடைக்காது, ஓடிய இடத்தில் தேடவேண்டும்.

பைபர் படகில் ஐஸ் பெட்டி இருக்கும். மாதிரி சூடாகிவிடும் என்று கவலைப்படுகிறீர்களே, தூக்கியதும் உள்பெட்டியை நேரே ஐஸில் வைக்கலாம். உப்புத் தண்ணீர் படாமல் இரண்டு பிளாஸ்டிக் உறை மட்டும் தயாராக வையுங்கள்.

தடா, 20 ஏப்ரல் 2025

பழவேற்காடு தம்பி சொன்ன தடைக்காலம் எனக்குத் தோன்றாத யோசனை. திட்டத்தின் நாள்காட்டியையே அதை வைத்துத்தான் போடவேண்டும். எஸ்.ஆர்.இ-1 ஜனவரியில் வந்தது, அதுவும் கடல் அமைதியான காலம். ஆனால் ஆபத்துக் கணக்குக்கு ஏப்ரல்-ஜூன் மேல்.

பீக்கன் கணக்கு இதோ. கேப்சூல் நீரில் மிதக்கும்போது ஆண்டெனா நீர்மட்டத்திலிருந்து 30 செ.மீ. தான். படகின் ஆண்டெனா 3 மீட்டர் உயரம். ரேடியோ தொடுவானம் 9 கி.மீ. அதைத் தாண்டினால் கேட்காது. அதே கேப்சூல் பாராசூட்டில் 5 கி.மீ. உயரத்தில் தொங்கும்போது தொடுவானம் 290 கி.மீ.க்கு மேல். 140 கி.மீ. தள்ளிய கரையிலிருந்தே நேராகக் கேட்கலாம். ஆகவே கேப்சூல் தன் இடத்தைச் சொல்ல வேண்டியது விழுந்த பிறகல்ல, விழுவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில். 865-867 மெகாஹெர்ட்ஸில் லோரா (குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறை) போதும், நம் நாட்டில் உரிமம் தேவைப்படாத பட்டை. சூளூர்பேட்டை மாடியில் ஒரு திசையை நோக்கிக் கேட்கும் யாகி ஆண்டெனா ஒன்று, படகில் ஒன்று. விநாடிக்கு ஒருமுறை இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். கடைசியாகக் கேட்ட புள்ளியிலிருந்து காற்று, நீரோட்டம் இரண்டையும் சேர்த்துப் படகு ஓடவேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்ன மோடம் ஒன்று காப்பாக.

ஜி.பி.எஸ். பெறுவானை வாங்கும்போது கவனம். சாதாரணச் சில்லு வினாடிக்கு 515 மீட்டருக்கு மேலும் 18 கி.மீ. உயரத்துக்கு மேலும் வாயை மூடிக்கொள்ளும். கேப்சூல் அந்த எல்லைக்குள் இறங்கியபிறகு பாராசூட் விரியும்வரை மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்கிறது, திரும்பப் பிடித்துக்கொள்ள நேரம் உண்டு. ஆனால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் பாதைத் தரவு பழசாக இருக்கக்கூடாது. பிரியும் முன் போயம் வழியாகப் புதுத் தரவை ஏற்றிவிட வேண்டும்.

பாராசூட்டை உயரத்தில் விரிக்கும் ஆசையை அடக்குங்கள். 5 கி.மீ.யில் பெரியதை விரித்தால் பத்து நிமிடத்துக்கு மேல் காற்றில் மிதக்கும், வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் 8 கி.மீ. அளவு தள்ளிப்போகும். 2 கி.மீ.யில் விரித்தால் 3 கி.மீ. சொச்சம். எஸ்.ஆர்.இ-யிலும் பெரியது 2 கி.மீ.யில்தான் விரிந்தது. ரேடியோ 2 கி.மீ. உயரத்திலிருந்தும் 180 கி.மீ. எட்டும், போதும்.

சத்தியவேடு, 22 ஏப்ரல் 2025

மோட்டாரே இல்லாமல், காற்றுத் தடையை மட்டும் வைத்து இறக்கும் முறைகள்? நாசா எக்ஸோ-பிரேக் என்று ஏதோ செய்ததே.

பாறசாலை, 23 ஏப்ரல் 2025

செய்தார்கள். டெக்எட்சாட் வரிசைக் குட்டிச் செயற்கைக்கோள்களில், 2013-லிருந்து. பின்னால் இழுபடும் துணியை விரித்து, அதன் பரப்பைக் கூட்டிக் குறைத்து இறங்கும் வேகத்தை ஆளுவது. வெடிமருந்து கிடையாது, விண்வெளி நிலையத்திலிருந்து அனுப்ப அனுமதி சுலபம். ஆனால் நுழைவுக் கோணம் பாகையில் ஒரு சின்னப் பின்னம். மேல் வளிமண்டல அடர்த்தி சூரியனைப் பொறுத்துத் தினம் மாறும். இறங்க இன்னும் பத்து மணி நேரம் என்று கணித்து அதில் ஒரு சதவீதம் தப்பினால் ஆறு நிமிடம், ஆறு நிமிடம் என்றால் 2,500 கி.மீ.க்கு மேல். வங்காள விரிகுடாவைக் குறிவைத்து அரபிக்கடலில் தேடவேண்டி வரும். கடைசிச் சில சுற்றில் துணியை ஆளத் தெரிந்தால் குறையும், நம் படகின் அளவுக்குக் குறையாது.

கயிற்று முறை ஒன்று உண்டு, அழகான இயற்பியல். ஒய்.இ.எஸ்-2 என்ற ஐரோப்பிய மாணவர் சோதனை, 2007 செப்டம்பர் 25. ஃபோட்டான்-எம்3 கலத்திலிருந்து 0.5 மி.மீ. டைனீமா கயிற்றில் 5.5 கிலோ ஃபோட்டினோ கேப்சூலைக் கீழே தொங்கவிட்டார்கள். கயிறு 31.7 கி.மீ. நீண்டது. தொங்கும் கேப்சூல் அந்த உயரத்துக்குத் தேவையான வேகத்தைவிட மெதுவாகப் போகும். வெட்டிவிட்டால் தாழ்புள்ளி கயிற்று நீளத்தைப் போல் ஏழு மடங்கு இறங்கும், ஊசலாட்டத்தோடு வெட்டினால் இன்னும் அதிகம். எரிபொருள் பூஜ்யம். கேப்சூல் கிடைக்கவே இல்லை.

தடா, 23 ஏப்ரல் 2025

ஃபோட்டினோவைத்தான் நான் முதல் நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். இறக்குவது ஒரு வேலை, எங்கே இறங்கியது என்று அறிவது இன்னொரு வேலை. நான் ஐந்தரைக் கிலோ கேப்சூல் செய்தால் அதில் ஒரு கிலோவை இரண்டாவது வேலைக்குக் கொடுப்பேன்.

பாறசாலை, 27 ஏப்ரல் 2025

ஊதிப் பெரிதாகும் கவசத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்து வேலை. 2022 செப்டம்பர் 3 அன்று தும்பாவிலிருந்து ரோகிணி-300 ராக்கெட்டில் இஸ்ரோவின் வி.எஸ்.எஸ்.சி. மையம் சோதித்தது. பாலிகுளோரோபிரீன் பூசிய கெவ்லார் துணி, 84 கி.மீ. உயரத்தில் ஊதியது. நம் பத்துக் கிலோவுக்கு 1.2 மீட்டர் விட்டம் கிடைத்தால் சதுர மீட்டருக்கான எடை ஒன்பதில் ஒன்றாகும். மூக்கு வெப்பம் மூன்றில் ஒன்றாகும். வினாடிக்கு 12 மீட்டரில் தானே விழும், பாராசூட்டே வேண்டாம். எஸ்.ஆர்.இ-1 பாராசூட்டோடு விழுந்த வேகம் அதுதான்!

ஆனால் தும்பா சோதனை வேகம், சுற்றுப்பாதைக்குப் போகாமல் மேலே போய்த் திரும்பி விழும் ஆய்வு ராக்கெட்டின் வேகம். சுற்றுப்பாதை வேகத்துக்குத் துணி மேல் வெப்பம் தாங்கும் போர்வை வேறு வேண்டும்.

தடா, 28 ஏப்ரல் 2025

கூடவே காற்று. லேசான பொருள் 20 கி.மீ. உயரத்திலிருந்தே மெதுவாக மிதந்து இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேலே 14-16 கி.மீ.யில் கீழைக்காற்றுத் தாரை பலமாக வீசுகிறது. அது கிழக்கிலிருந்து மேற்கே, அதாவது கரையை நோக்கித் தள்ளும். அந்தக் காலத்தில் இறக்கினால் குறியை இன்னும் கிழக்கே வைக்கவேண்டும். ஏப்ரல்-மே என்றால் அந்தத் தொல்லை குறைவு. பழவேற்காடு சொன்ன நாள்காட்டி இங்கேயும் உதவுகிறது. ஊதும் கவசம் அடுத்த தலைமுறைக்கு. முதல் கேப்சூலுக்கு கார்க் கூம்புதான் என் வாக்கு.

சத்தியவேடு, 2 மே 2025

அனுமதி?

தடா, 3 மே 2025

இன்-ஸ்பேஸ், அதாவது தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு. 2024 மே மாதம் வந்த விதிமுறைகளின்படி மீள்நுழைவுக்கும் அங்கீகாரம் வேண்டும். 1972 பொறுப்பு உடன்படிக்கைப்படி தரையில் சேதம் நேர்ந்தால் ஏவிய நாடு முழுப் பொறுப்பு, ஆகவே அவர்கள் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பல நாடுகளில் பழக்கத்தில் உள்ள எல்லை, பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் யாருக்கும் அடிபடும் வாய்ப்பு இருக்கக்கூடாது என்பது. அனுமதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் வார்டா நிறுவனத்தின் முதல் கேப்சூல் சாட்சி. 2023 ஜூன் 12 அன்று மேலே போனது. ரிடோனாவிர் மருந்துப் படிகம் வளர்க்கும் வேலை முடிந்த பின்னும் மீள்நுழைவு உரிமம் கிடைக்காமல் மாதக்கணக்கில் சுற்றியது. 2024 பிப்ரவரி 21 அன்றுதான் யூட்டாவில் இறங்கியது. கேப்சூல் நன்றாக இருந்தது, காகிதம் தயாராக இல்லை.

நமக்கு அந்தத் தாமதம் கட்டாது. 350 கி.மீ. பாதை சில மாதங்களில் தானே விழுந்துவிடும்.

பழவேற்காடு, 9 மே 2025

ஒரு சந்தேகம். மூடி இறுக்கமாக இருக்கிறது, உள்ளே வெற்றிடம். கடலில் விழுந்ததும் தண்ணீரை உறிஞ்சாதா?

தடா, 10 மே 2025

உறிஞ்சும். இவ்வளவு நேரம் யாரும் கேட்காத மிக முக்கியமான கேள்வி. மேலே இருக்கும்போது கேப்சூலின் வெளி அறையில் காற்று முழுக்க வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று திரும்ப உள்ளே வர வழி வேண்டும், இல்லாவிட்டால் சதுர மீட்டருக்குப் பத்து டன் அழுத்தம் மெல்லிய கூட்டை நசுக்கும். வழி இருந்தால் அதே வழியாகக் கடலும் வரும்.

தீர்வு: பின்மூடியின் உச்சியில், மிதக்கும்போது நீருக்கு மேல் நிற்கும் இடத்தில், மூச்சுத்துளை. அதில் காற்றை விட்டு நீரை விடாத சவ்வு. 18 கி.மீ.யிலிருந்து கீழே வரும் எட்டொன்பது நிமிடத்தில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப் பிடிக்கும் அளவுக்குத் துளை பெரிசாக இருக்கவேண்டும். சின்னதாக வைத்தால் விழும்போதும் உள்ளே பாதி வெற்றிடம் இருக்கும், உறிஞ்சல் தொடரும். மாதிரிப் பெட்டி மட்டும் தனியாக, ஒரு வளிமண்டல அழுத்தம் தாங்கும்படி, இரட்டை ஓ-வளையத்தோடு அடைபட்டிருக்கவேண்டும். செடிக்கு மூச்சு விடக் காற்று எப்படியும் உள்ளே இருக்கிறது.

வெப்பம் பற்றியும் ஒன்று. நுழைவு முடிந்தபின்தான் கவசத்தில் தங்கிய சூடு மெதுவாக உள்ளே நடக்கும். மாதிரி அதிகம் சூடாவது வானத்தில் கிடையாது, இறங்கி அரைமணி ஒருமணி கழித்து. கடலில் விழுந்தால் நீர் கவசத்தைக் குளிரவைக்கும், அது கடலின் நன்மை. வெற்றிடக் கலன் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஐஸ் பெட்டி படகில் தயாராக இருக்கட்டும்.

பாறசாலை, 15 மே 2025

வார்டாவின் மூன்றாவது கேப்சூல் மே 13 அன்று தென் ஆஸ்திரேலியாவின் கூனிபாவில் இறங்கிவிட்டது. பிப்ரவரி 28 அன்று இரண்டாவதும் அங்கேதான் இறங்கியது. ஆளில்லாத பெரிய நிலம் உள்ளவர்களுக்கு ஜீப் போதும், எங்கே விழுந்தாலும் அசையாமல் கிடக்கும். நம்மிடம் அப்படி நிலம் இல்லை, கடல் இருக்கிறது. அதனால்தான் பீக்கனுக்கு இவ்வளவு பேச்சு.

தடா, 18 மே 2025

யாராவது உண்மையிலேயே தொடங்குவதாக இருந்தால் வரிசை இப்படி. முதலில் மின்னணுவும் பாராசூட்டும் பீக்கனும் மட்டும் வைத்த பத்துக் கிலோ போலிக் கேப்சூல். கவசம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். பலூனில் 30 கி.மீ. உயரத்துக்கு ஏற்றிக் கடலுக்கு மேல் விடுங்கள். கடைசி 18 கி.மீ.யில் நடக்கவேண்டிய எல்லாம், ஜி.பி.எஸ். திரும்பப் பிடிப்பது, மூன்றில் இரண்டு வாக்கு, மூச்சுத்துளை, மிதவை, லோரா, படகு, ஐஸ் பெட்டி, அத்தனையும் அந்த ஒரே சோதனையில் வந்துவிடும். அது கைகூடும்வரை கார்க் பலகை வாங்காதீர்கள். விண்வெளிக்குப் போகாமலே முக்கால் வேலை முடியும்.

பழவேற்காடு தம்பி, அந்தச் சோதனைக்கு 3 மீட்டர் ஆண்டெனாக் கம்பு நிறுத்த பைபர் படகில் எங்கே பிடிப்பு கொடுக்கலாம் என்று ஒரு படம் வரைந்து போடுங்கள். என்ஜின் பக்கம் வேண்டாம், இரைச்சல் சிக்னலில் ஏறும்.

பழவேற்காடு, 18 மே 2025, இரவு

அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்), வலைக் கயிறு கட்டும் கட்டையில் வைக்கலாம். கம்பு மூங்கிலாக இருந்தால் நல்லது. அலையில் வளையும், ஒடியாது. அளந்து நாளை போடுகிறேன் அண்ணே.